அண்ணி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?

அமெரிக்காவுக்குள் வேலை மாறி நியூ ஜெர்சிப் பக்கம் வரும் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் முதலில் வாடகை எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். குளிர் எப்படி, இந்தியக் கடை பக்கத்தில் உண்டா என்பதெல்லாம் பிறகுதான். "அண்ணி, அந்த ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி. பின்னால் அழுது கொண்டிருக்கும் அவர்கள் குழந்தைக்கு இன்னும் பல்லே முழுசாக முளைத்திருக்காது.

நானும் சளைக்காமல் பதில் சொல்லி வந்திருக்கிறேன். கிரேட்ஸ்கூல்ஸ் என்ற ரேட்டிங் தளத்தில் பத்துக்கு எத்தனை, எந்த அபார்ட்மெண்ட் எந்தப் பள்ளிக்குப் போகும், எந்தத் தெருவோடு எல்லை முடிகிறது எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் இப்படிக் கேட்ட ஒருவர்கூட இதுவரை, "அந்த ஊர்ல ஸ்கூல் போர்டுல யாரு இருக்காங்க? எலெக்‌ஷன் எப்போ?" என்று கேட்டதில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், காப்பி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஊரில் இருப்பவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். நம் ஊரில் அரசுப் பள்ளி என்றால் ஆசிரியர் நியமனம், பாடநூல், தேர்வு எல்லாமே சென்னையிலிருந்து வரும். மாவட்டத்துக்கு ஒரு முதன்மைக் கல்வி அலுவலர் இருப்பார், அவரை நியமிப்பதும் அரசுதான். இங்கே நடைமுறையே வேறு. நியூ ஜெர்சி, பரப்பளவில் தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குதான் வரும். அதற்குள் 600-க்குக் கொஞ்சம் கூடக் குறைய ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகள். பெரும்பாலானவற்றில் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு போர்டு உண்டு. டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட்டை வேலைக்கு வைப்பது அந்தப் போர்டு. பள்ளி வரி எவ்வளவு, எந்தப் பண்டிகைக்கு விடுமுறை, பஸ் எந்த வழியில் போகும், எந்த வகுப்பிலிருந்து சிறப்புக் கணக்குப் பாடம் என்று எல்லாவற்றையும் அந்தப் போர்டின் கையெழுத்தோடுதான் முடிவு செய்வார்கள். போர்டு உறுப்பினருக்கு மூன்றாண்டுப் பதவி, சம்பளம் ஒரு காசு கிடையாது. சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு குட்டி அரசாங்கம். நாம்தான் அதை ரேட்டிங் பார்த்து வாங்கும் பொருளாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உதாரணத்துக்கு வெஸ்ட் விண்ட்சர் - பிளெயின்ஸ்பரோ டிஸ்ட்ரிக்ட்டை எடுத்துக்கொள்கிறேன். நான் அங்கே வசிப்பவள் இல்லை, பக்கத்து ஊர்க்காரி. ஆனால் மத்திய ஜெர்சித் தமிழர்கள் அந்தப் பெயரைச் சொல்லாத விருந்து நடந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு டவுன்ஷிப்கள் சேர்ந்து நடத்தும் டிஸ்ட்ரிக்ட் அது. வெஸ்ட் விண்ட்சர் மெர்சர் கவுண்டியில் இருக்கிறது, பிளெயின்ஸ்பரோ மிடில்செக்ஸ் கவுண்டியில். 10 பள்ளிகள், ஒன்பதாயிரத்துக்கு மேல் மாணவர்கள். இன்று நியூ யார்க்குக்கு ரயில் ஏற பிரின்ஸ்டன் ஜங்ஷனில் வண்டி நிறுத்த இடம் தேடுகிறோமே, அந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் உருளைக்கிழங்குக் காடும் பால் பண்ணையும்தான். பிளெயின்ஸ்பரோவில் வாக்கர் கார்டன் என்று ஒரு பண்ணை இருந்தது. 1930-இலேயே அங்கே ஒரு சுழலும் மேடையில் 50 மாடுகளை ஏற்றி, மேடை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் பால் கறந்து முடித்துவிடுவார்களாம். போர்டன் கம்பெனி விளம்பரத்தில் வந்து அமெரிக்கா முழுக்கப் புகழ்பெற்ற எல்ஸி என்ற பசுவும் அந்தப் பண்ணையைச் சேர்ந்ததுதான். 1941-இல் விபத்தில் அடிபட்டு இறந்ததும் அதை அங்கேயே புதைத்தார்கள்.

வெஸ்ட் விண்ட்சருக்கும் ஒரு கதை உண்டு. 1938 அக்டோபர் 30 இரவு ஆர்சன் வெல்ஸ் வானொலியில் நடத்திய நாடகத்தில் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் வந்து இறங்கிய இடம் இந்த ஊரின் குரோவர்ஸ் மில். அதை நிஜச் செய்தி என்று நம்பிப் பயந்தவர்களும் உண்டு. இன்று அங்கே பூங்காவில் ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். அதாவது இந்த ஊருக்கு வெளியிலிருந்து முதலில் வந்தவர்கள் செவ்வாய்க்காரர்கள். எச்1பி வேலை விசாக்காரர்களான நாம் அடுத்த அலை.

பிறகு ரூட் 1 சாலை ஓரமாக அலுவலகங்கள் முளைத்தன, மருந்துக் கம்பெனிகள் வந்தன, பிளெயின்ஸ்பரோவில் வரிசை வரிசையாக அபார்ட்மெண்ட்டுகள் எழுந்தன. 1973-இல் ஒரு உயர்நிலைப் பள்ளி, அது போதாமல் 1997-இல் இன்னொன்று. நம்மவர்கள் பெரும்பாலும் அந்த அபார்ட்மெண்ட்டுகளில்தான் வந்து இறங்கினார்கள். பாக்ஸ் ரன், ஹன்டர்ஸ் க்ளென் என்ற பெயர்களைக் கேட்டால் இன்றைக்கு எடிசனிலோ டெக்சஸிலோ சொந்த வீட்டில் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் குழந்தையின் தொட்டில் ஞாபகம் வரும்.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். இங்கே பொதுப் பள்ளியில் கட்டணம் கிடையாது என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறோம். உண்மைதான், பள்ளியில் யாரும் ரசீது போடுவதில்லை. ரசீது வீட்டுக்கு வரும். நியூ ஜெர்சியில் ஒரு வீட்டின் சராசரி ப்ராப்பர்ட்டி டாக்ஸ், அதாவது வீட்டு வரி, 2024-இல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, நாட்டிலேயே இதுதான் அதிகம். அதில் ஏறக்குறைய பாதி பள்ளிக்குப் போகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் "நமக்கென்ன" என்று இருக்க முடியாது. வீட்டுக்காரர் அந்த வரியையும் சேர்த்துத்தான் வாடகை வைக்கிறார்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு அமெரிக்கப் பாட்டி இருக்கிறார். அவர் பிள்ளைகள் பள்ளி முடித்து நாற்பது வருடம் இருக்கும். ஒருநாள் வரிச் சீட்டைக் காட்டி, "உன் பெண் படிக்க நானும்தான் கட்டுகிறேன், நன்றாகப் படிக்கச் சொல்" என்று சிரித்தார். சிரிப்புக்குள் கொஞ்சம் காரமும் இருந்தது. ஆனால் அவர் ஒரு ஸ்கூல் போர்டு தேர்தலைக்கூடத் தவற விடுவதில்லை. எங்கள் தெருவில் குழந்தை உள்ள இந்தியக் குடும்பங்களில் குடியுரிமை வாங்கியவர்களை நானே கேட்டுப் பார்த்தேன். பலருக்கு அப்படி ஒரு தேர்தல் நடப்பதே தெரியவில்லை.

முன்பெல்லாம் ஏப்ரலில் தனியாக ஒரு பள்ளித் தேர்தல் நடக்கும். பட்ஜெட்டுக்கே மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவார்கள். 2010 ஏப்ரலில் பொருளாதாரச் சரிவும் கவர்னர் கிறிஸ்டி பள்ளிகளுக்கான மாநில நிதியில் போட்ட கத்தரியும் சேர்ந்து கொள்ள, மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட டிஸ்ட்ரிக்ட்டுகளின் பட்ஜெட்டை மக்கள் தோற்கடித்தார்கள். அதே ஆண்டில், பள்ளி வரியை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று சட்டம் வந்தது. 2012-இல் இன்னொரு மாற்றம்: தேர்தலை நவம்பர் பொதுத் தேர்தலோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம், வரி உயர்வு அந்த 2 சதவீதத்துக்குள் இருந்தால் பட்ஜெட்டுக்கு ஓட்டெடுப்பே வேண்டாம். ஏறக்குறைய எல்லா டிஸ்ட்ரிக்ட்டும் அந்த வழிக்குப் போய்விட்டன. விளைவு, பணத்தைப் பற்றி மக்கள் நேரடியாகப் பேசும் வாய்ப்பு அபூர்வமாகிவிட்டது. கட்டடத்துக்குக் கடன் வாங்க வேண்டுமென்றால்தான் மக்களிடம் வர வேண்டும். வெஸ்ட் விண்ட்சர் - பிளெயின்ஸ்பரோ 2018 நவம்பரில் அப்படி வந்து, 11 கோடி டாலருக்கு மேல் கேட்டு வாங்கியது.

இந்த வரி விஷயத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. பள்ளிச் செலவு உள்ளூர் வீட்டு வரியில் தொங்குவதால், ஊருக்குள் வரும் ஒவ்வொரு குழந்தையும் கணக்கில் ஒரு செலவாகத் தெரிகிறது. ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் ஆகும் மாநிலம் இது. அதனால் புறநகர் டவுன்ஷிப்களுக்கு 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் குடியிருப்பு என்றால் கொண்டாட்டம், அலுவலகம் என்றால் கொண்டாட்டம். மூன்று படுக்கையறை அபார்ட்மெண்ட் என்றால் மட்டும் முகம் சுருங்கும். எளியவர்களுக்கும் வீடு கட்ட ஒவ்வொரு ஊரும் இடம் தர வேண்டும் என்று 1975-இல் மவுண்ட் லாரல் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐம்பது வருடமாக ஊர்கள் அதோடு மல்லுக்கட்டுகின்றன.

வெஸ்ட் விண்ட்சரில் நடந்ததைக் கேளுங்கள். ரூட் 1 ஓரத்தில் பழைய அமெரிக்கன் சயனமிட் கம்பெனியின் நிலம், சுமார் 650 ஏக்கர். ஹோவர்ட் ஹியூஸ் என்ற நிறுவனம் அங்கே சுமார் 2,000 வீடுகளோடு ஒரு சிறு நகரமே கட்டுவதாகத் திட்டம் போட்டது. ஊர் கொதித்தது. இத்தனை குழந்தைகளைப் பள்ளி எப்படித் தாங்கும் என்பது பெரிய கவலை. எதிர்த்தவர்களில் நம்மவர்களும் இல்லாமல் இல்லை. நேற்று பள்ளிக்காக வந்து இறங்கியவர்களே இன்று கதவைச் சாத்தச் சொன்னது எனக்கு உறுத்தலாக இருந்தது. அந்தத் திட்டம் நின்றது, நிலம் கை மாறியது. பிறகு வந்த திட்டம் பிரம்மாண்டமான கிடங்குகள். குழந்தைகள் வரமாட்டார்கள், சரி. லாரிகள் வருமே என்று மறுபடியும் ஊர் கொதித்தது. ஆனால் அனுமதி கிடைத்துவிட்டது. வீட்டைத் தடுத்து லாரியை வாங்கியதுதான் மிச்சம் என்பது என் கருத்து. அங்கே வசிப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், கருத்துப் பெட்டி திறந்தே இருக்கிறது.

இதே மெர்சர் கவுண்டியில் இன்னொரு ஊர், ட்ரென்டன். மாநிலத் தலைநகரம். வெஸ்ட் விண்ட்சரிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அங்கே வீட்டின் மதிப்பு குறைவு, அதனால் வரியில் வருவதும் குறைவு. வீட்டு வரியைப் பொறுத்து ஒரு பள்ளிக்கு அதிகம், ஒரு பள்ளிக்குக் குறைவு என்றிருப்பது நாட்டின் அரசியல் சாசனத்துக்கு எதிரானதல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973 மார்ச்சில் டெக்சஸ் வழக்கு ஒன்றில் 5-4 என்று தீர்ப்பளித்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நியூ ஜெர்சியின் உச்ச நீதிமன்றம், எங்கள் மாநிலச் சாசனப்படி இது செல்லாது என்று சொல்லிவிட்டது. சட்டமன்றம் பணத்துக்கு வழி செய்யாமல் இழுத்தடிக்க, 1976 ஜூலையில் நீதிமன்றம் மாநிலத்தின் பள்ளிகளையே மூட உத்தரவிட்டது. கோடைக்காலம்தான், ஆனாலும் அதிர்ச்சி வேலை செய்தது. அந்த மாதமே மாநிலத்தில் முதன்முறையாக வருமான வரி வந்தது. இன்று சம்பளச் சீட்டில் நியூ ஜெர்சி என்று ஒரு வரி பிடிக்கிறார்களே, அதன் பிறப்பு ஒரு பள்ளி வழக்கில்.

அதற்குப் பிறகு, அதே பள்ளி நிதி விஷயத்தில் ஆபட் என்ற வழக்கு. 1981-இல் தொடங்கிப் பல தீர்ப்புகள். 1990-இல் ஏழை நகர டிஸ்ட்ரிக்ட்டுகளுக்குப் பணக்காரப் புறநகர்களுக்கு இணையாகச் செலவிட வேண்டும் என்றார்கள். 1998-இல் அங்கே 3, 4 வயதுக் குழந்தைகளுக்கும் இலவச முன்பருவப் பள்ளி என்றார்கள். ட்ரென்டன் உட்பட 31 டிஸ்ட்ரிக்ட்டுகள் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. "நம்ம வரிப் பணம் எல்லாம் அங்கே போகுது" என்று நம் வாட்ஸாப் குழுக்களில் புலம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். போகட்டும், போக வேண்டும். நம்மில் எத்தனை பேர் அரசு உதவி பெற்ற கல்லூரியில் யாரோ கட்டிய வரியில் படித்து இங்கே வந்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, இப்போது எல்லோரும் பேசும் விஷயம். மன அழுத்தம்.

2015 இலையுதிர்காலத்தில் வெஸ்ட் விண்ட்சர் - பிளெயின்ஸ்பரோவின் சூப்பரின்டென்டென்ட் டேவிட் ஏடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய கல்வியாண்டில் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் 120 மாணவர்களை மனநலப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது, 40 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது என்று அதில் இருந்தது. அவர் கொண்டு வந்த மாற்றங்கள்: உயர்நிலைப் பள்ளியில் அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வுகள் ரத்து. வருடத்தில் சில இரவுகள் வீட்டுப்பாடமே இல்லை. நாலாம் வகுப்பில் தொடங்கிய வேகக் கணக்குப் பிரிவு ஆறாம் வகுப்புக்குத் தள்ளிப் போனது. வயலின் கிறீச்சிட்டாலும் பரவாயில்லை, இசை கற்றுக்கொள்ளும் எல்லாக் குழந்தைக்கும் மேடை உண்டு என்று ஒரு ஏற்பாடு.

அந்த டிசம்பரில் நியூ யார்க் டைம்ஸ் இதைப் பெரிய கட்டுரையாகப் போட்டது. மாணவர்களில் 65 சதவீதம் ஆசிய வம்சாவளி, அந்த வேகக் கணக்கு வகுப்பில் 90 சதவீதம். ஆசியப் பெற்றோர் ஒரு பக்கம், வெள்ளைக்காரப் பெற்றோர் ஒரு பக்கம் என்று கோடு கிழித்தது அந்தக் கட்டுரை. நம் வீடுகளில் அது பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். "படிக்கிற புள்ளையப் படிக்க விட மாட்டேங்கறாங்க" என்று ஒரு கட்சி. "நாம செய்யற கூத்துக்கு இது தேவைதான்" என்று ஒரு கட்சி. பல வீடுகளில் கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி.

நான் அந்தக் கடிதத்தின் பக்கம்தான். 40 பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் என்று ஒரு நிர்வாகி எழுதிய பிறகு, வேகக் கணக்கு எந்த வகுப்பில் என்று வாதாட எனக்கு மனம் வராது. ஆனால் எதிர்த்த பெற்றோரை முட்டாள்கள் போலச் சித்தரித்ததையும் ஏற்க மாட்டேன். தாத்தா படித்த கல்லூரி, அப்பாவின் கால்ஃப் நண்பர், மாமாவின் கம்பெனி என்று எதுவும் இல்லாமல் இரண்டு சூட்கேஸோடு வந்தவர்கள் நாம். பரீட்சை எழுதித்தான் இவ்வளவு தூரம் வந்தோம். தெரிந்த ஒரே கதவை ஒருவர் தள்ளி வைத்தால் பதறத்தானே செய்வோம்?

பதறியபின் என்ன செய்தோம் என்பதில்தான் எனக்குக் குறை. பள்ளி வீட்டுப்பாடத்தைக் குறைத்தால் அந்த நேரத்தைக் குமான், ஆர்எஸ்எம் போன்ற டியூஷன் மையங்கள் எடுத்துக்கொண்டன. பள்ளியோடு பேசித் தீர்க்க வேண்டியதைப் பணம் கட்டித் தீர்த்துக்கொண்டோம். சனிக்கிழமை காலை அந்த வளாகங்களின் கார் நிறுத்துமிடத்தைப் பாருங்கள், தெரியும். இதே வேகத்தில் கால்வாசியைப் போர்டு மீட்டிங்கில் காட்டியிருந்தால், எந்தப் பிள்ளைக்கு எப்போது வேகக் கணக்கு, ஆலோசகர்கள் எத்தனை பேர் வேண்டும், தமிழ்த் தாய்க்கும் புரியும்படி மனநலம் பற்றி யார் பேசுவது என்று உருப்படியாக ஏதாவது நடந்திருக்கும்.

"போங்க அக்கா, நமக்கு ஓட்டே இல்ல" என்பீர்கள். அது நியாயமான பேச்சு. போர்டு உறுப்பினராக நிற்கவும் ஓட்டுப் போடவும் குடியுரிமை வேண்டும். இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழலையர் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பட்டமளிப்பு அங்கி போடும் வரை வரி கட்டியும் ஒரு ஓட்டுக்கூடப் போடாத பெற்றோர் நம்மில் ஏராளம். இது அநீதி என்றே நினைக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளிப் போர்டுக்கு மட்டும் ஓட்டுப் போடலாம் என்று 2016-இல் மக்களே முடிவு செய்தார்கள். எங்கள் மாநிலத்தின் நூவர்க்கில் 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கே 2025 முதல் பள்ளித் தேர்தலில் ஓட்டுரிமை உண்டு. மகன் ஓட்டுப் போடுவான், அம்மா வேடிக்கை பார்ப்பாள்.

ஆனால் பேசுவதற்கு விசா தேவையில்லை. போர்டு மீட்டிங் பொதுக்கூட்டம். யார் வேண்டுமானாலும் போகலாம், பொதுமக்கள் கருத்துக்கு நேரம் ஒதுக்கச் சட்டமே இருக்கிறது. மைக் முன்னால் நின்று பெயரையும் ஊரையும் சொன்னால் போதும், பாஸ்போர்ட்டை யாரும் கேட்க மாட்டார்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் கேட்பார்கள். நான் பார்த்தவரை அங்கே எப்போதும் பேசுவது ஊருக்குப் பழகிய அதே சில முகங்கள்தான். அவர்கள் கேட்டது நடக்கிறது, அவ்வளவுதான் ரகசியம்.

நாம் சேர்ந்து கேட்டால் கிடைக்காமலும் போவதில்லை. இந்தியர்கள் கூடிய ஊர்களில் தீபாவளிக்கு விடுமுறை வந்தது பெற்றோர் போய்ப் போய்க் கேட்டதால்தான். இரண்டு மொழி தெரிந்த மாணவருக்கு அந்தத் தேர்ச்சியைப் பள்ளிச் சான்றிதழிலேயே முத்திரையாகப் பதிக்க நியூ ஜெர்சியில் 2016 முதல் சட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும் பெற்றோர், அந்த முத்திரைக்குத் தமிழையும் சேர்த்திருக்கிறார்களா என்று தங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் கேட்டுப் பாருங்கள். கேட்காதவரை அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

ஆகவே என்னிடம் போன் செய்யப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். ரேட்டிங் சொல்வேன், கூடவே இதையும் சொல்வேன். பட்ஜெட் மீதான பொது விசாரணை ஏப்ரல் கடைசியை ஒட்டி நடக்கும், தேதி டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் இருக்கும். போர்டுக்கு நிற்க ஆசை இருந்தால் மனுவை ஜூலை மாதக் கடைசித் திங்கள்கிழமை மாலை 4 மணிக்குள் கொடுக்க வேண்டும், அந்த ஊரில் ஒரு வருடம் குடியிருந்திருக்க வேண்டும். வாக்காளராகப் பதிவு செய்ய, தேர்தலுக்கு 21 நாள் முன்பு வரை நேரம் உண்டு. குடியுரிமை வாங்கிவிட்டு இன்னும் பதிவு செய்யாமல் இருப்பவர்கள் இந்த வாரமே செய்யுங்கள். மற்றவர்கள் அடுத்த போர்டு மீட்டிங்குக்கு வாருங்கள், பக்கத்து நாற்காலியில் நான் இடம் பிடித்து வைக்கிறேன்.